வலைப்பதிவின் மாத வாடகை

வலைப்பதிவு நடத்துவோர் மாதந்தோறும் செலுத்தும் பணம் எதன் விலை என்பதைத் தெளியாமல் கட்டணப் பட்டியல்களை ஒப்பிடுதல் பயனற்ற காரியமாகும். மென்பொருளின் விலையென்று கருதுவோர் பலர். அஃதன்று. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த வேட்பிரஸ் என்னும் மென்பொருளை இன்றும் எவரும் இலவசமாகப் பெறலாம். விலை கொடுக்கப்படுவது ஊழியத்திற்கே. வழங்கிக் கணினியை இரவு பகலாக இயக்குதல், மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல், பதிவுகளைப் படியெடுத்துக் காத்தல், அத்துமீறிப் புகுவோரைத் தடுத்தல் முதலிய பணிகளை நிறுவனமே ஏற்றுக்கொள்கின்றது. இவற்றைத் தாமே செய்ய வல்லவர் மிகக் குறைந்த வாடகையோடு அமையலாம். ஆயின் அவர்தம் நேரம் எந்தப் பட்டியலிலும் விலையாகக் குறிக்கப்படுவதில்லை.

பட்டியல்களில் பெரிய எழுத்தில் காணப்படும் தொகை பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டாற் பிரித்துப் பெற்றதாகும். 2024 ஆம் ஆண்டில் வேட்பிரஸ்.கொம் தளத்தின் தனியாள் திட்டம் மாதம் 4 டொலர் எனக் காட்டப்பட்டது. அது 48 டொலரை ஒருங்கே முற்பணமாகச் செலுத்துவோர்க்குரியது. மாதந்தோறும் செலுத்துவோர் 9 டொலர் கொடுத்தனர். ஓராண்டில் அது 108 டொலராகும். இருமடங்கினும் மேலான இவ்வேறுபாடு, முற்பணம் கொடுக்க இயலாதவர் மீதே சுமத்தப்படுகின்றது. அன்றியும், செருகுநிரல்களை நிறுவ விரும்பியவர்க்கு அக்காலத்தில் 25 டொலர்த் திட்டமே வேண்டியிருந்தது. ஆகவே அத்தகையோர் ஒப்பிட வேண்டியது 4 டொலரையன்று.

வேறொரு முறையும் உண்டு. 2017 இல் தோன்றிய சப்ஸ்ராக் மாத வாடகை வாங்குவதில்லை. சந்தா வருவாயில் நூற்றுக்குப் பத்து வீதம் எடுத்துக்கொள்கின்றது. சந்தா விதியாதவர்க்கு இதனிலும் மலிவான இடம் அரிது. ஆனால் மாதம் 5 டொலர் வீதம் நூறு பேர் சந்தா செலுத்தின், வருவாயாகிய 500 டொலரில் 50 டொலர் நிறுவனத்தைச் சேரும். பங்கு கேளாது மாதம் 25 டொலர் வாங்கும் தளத்தோடு ஒப்பிடின், வருவாய் 250 டொலரை எட்டும்வரை பங்குமுறை இலாபமானது, அதற்கப்பால் நட்டம். வாசகர் பெருகப் பெருக வாடகையும் தானே பெருகும் வீடு இது எனலாம். பண அட்டைக்குரிய கட்டணம் இருமுறைக்கும் பொது: அமெரிக்காவில் வழக்கமான 2.9 வீதமும் 30 சதமும் சேரின், 5 டொலர்ச் சந்தாவில் ஏறத்தாழ 45 சதம் கழியும். சிறு சந்தாக்களை மாதந்தோறும் வாங்காது ஆண்டுக்கொருமுறை வாங்குதல் நன்றென்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையிலிருந்து டொலரிற் செலுத்துவோர்க்கு இன்னுமோர் இடர் உளது. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவிற்கு உயர்ந்தது. 25 டொலர் வாடகையில் ஒரு சதமேனும் மாறாதிருப்பினும், ரூபாக் கணக்கில் அது 5000 இலிருந்து 9000 ஆயிற்று.

கூகிள் நிறுவனம் 2003 இல் வாங்கிய புளொகர் இலவசமானது. கையிற் பணமில்லாத மாணவர்க்கு அது போதும்.

எனினும் வாடகையை மட்டும் நோக்குவோர் வெளியேறும் செலவை மறந்துவிடுகின்றனர். 2003 இல் தொடங்கிய ரைப்பாட், கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட தளமேயாயினும், 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதி மூடப்பட்டது. பதிவுகளை வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல வாடிக்கையாளர்க்கு ஏறக்குறைய ஒரு மாத அவகாசமே கிடைத்தது. சொந்த ஆள்களப் பெயர் வைத்திருந்தோர் பழைய முகவரியுடனேயே இடம்பெயரலாயினர். தளத்தின் பெயரைத் தம் முகவரியாகக் கொண்டிருந்தோர்க்குப் பிறர் நூல்களிலும் கட்டுரைகளிலும் காட்டியிருந்த இணைப்புகள் யாவும் பயனற்றுப் போயின. .கொம் ஆள்களப் பெயருக்குப் பதிவகம் விதிக்கும் மொத்தவிலை 2024 செப்டெம்பர் முதல் ஆண்டிற்கு 10.26 டொலர், விற்போர் இலாபஞ் சேர்த்துச் சற்றுக் கூட்டி விற்பர். மாதக் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு டொலர்.