நிறுத்தி வைத்த வண்டி, பிளக் பாயிண்ட் இல்லாத பார்க்கிங்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது ராயப்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்ட்டின் கீழே பதினோரு கார்கள் நின்றன. மே மாதம் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஸ்டார்ட் ஆகவில்லை. ஜூன் 19-ல் சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. இன்னும் இரண்டு கார்கள் படுத்தன. அப்போதிருந்து இதைப் பற்றி அளந்து குறித்துக்கொண்டு வருகிறேன். ஊரடங்கு போய்விட்டது, ஆனால் பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகும் பெற்றோர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. திரும்பி வந்த வாரமே ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், கீழே நிற்கும் கார் கிளம்புமா என்பதுதான் கேள்வி.

சாவியை எடுத்துவிட்டால் பேட்டரி ஓய்வெடுக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அலாரம், ரிமோட் லாக், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம்ம பாஷையில் சொன்னால் பேக்கிரவுண்ட் பிராசஸ். என் காரில் மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு, கதவை மூடி, அரை மணி நேரம் விட்டு அளந்தேன்: 28 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.67 ஆம்பியர்-மணி. சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. 26 நாளில் பாதி காலி. பார்க்கிங் மோடில் ஓடும் டாஷ்கேமை இணைத்ததும் 240 மில்லி ஆம்பியர். மூன்றே நாளில் பாதி காலி! (ஃபாஸ்டேக்கைச் சந்தேகிக்க வேண்டாம். அது பேட்டரியைத் தொடுவதே இல்லை, டோல்கேட் கருவியின் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது.)

காலியானால் ஏற்றிக்கொள்ளலாமே? இங்கேதான் சிக்கல். ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்சில் பிளான்டே செய்து காட்டியதிலிருந்து அடிப்படை மாறவில்லை. சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகம் பெரிதாகி இறுகிவிடும், அப்புறம் எந்த சார்ஜருக்கும் முழுசாக மசியாது. அதாவது இறங்கியதைவிட, இறங்கிய நிலையிலேயே கிடப்பதுதான் கொல்கிறது. ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.4-க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

எல்லாரும் சொல்லும் வைத்தியம், "வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட விடுங்க சார்." கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்தில் இறங்குவது 4.7 ஆம்பியர்-மணி. ஐடிலில் சராசரியாக 10 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஏறுவது 1.6 சொச்சம். வாரம் தவறாமல் நஷ்டம்தான், போதாததற்கு மூடிய பார்க்கிங்கில் புகை. முக்கால் மணி நேரம் உண்மையாகவே ஓட்டினால் பலன் உண்டு. அதற்கு வாட்ச்மேன் போதாது, லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும்.

என் கருத்தில் முதல் வேலை சார்ஜ் ஏற்றுவது அல்ல, கசிவை அடைப்பது. முழுசாக ஏற்றிவிட்டு நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுங்கள். எப்போதும் நெகட்டிவ்தான் முதலில், மாட்டும்போது கடைசியில். பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். கழற்ற அலுப்பாக இருந்தால் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் என்று ஒன்று உண்டு, நம்ம ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடிகாரம் அழியும், சில கார்களில் ஸ்டீரியோ கோட் கேட்கும். போகும் முன் எழுதி வையுங்கள்.

கழற்றினாலும் பேட்டரி தானாக இறங்கும். 25 டிகிரியில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் என்றால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னை மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டு மாதம் வரை கவலையில்லை. ஆறு மாதம் என்றால் நடுவில் இரண்டு தடவையாவது யாராவது பேட்டரியை மாடிக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். சுமார் பத்து கிலோதான். ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் பால்கனியில் வையுங்கள். விளக்கெரியும் பூஜை அறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வண்டி வெயிலில் நின்றால் சோலார் நல்ல வழி. 10 வாட் தகடு, நாளுக்கு நாலு மணி நேர நல்ல வெயில் என்றால் சுமார் 3 ஆம்பியர்-மணி. தூசி, நிழல் என்று பாதி போனாலும் 1.5 மிஞ்சும், என் காரின் 0.67-க்கு இரண்டு மடங்கு. ஐப்பசி கார்த்திகையில் குறையும், அவ்வளவுதான். ஆனால் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக மாட்டாதீர்கள். தகடு வெயிலில் 20 வோல்ட்டைத் தாண்டும். வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டேஜைக் குறைக்கும் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குங்கள். குளிர் நாட்டு அளவில் ஏற்றினால் இங்கே தண்ணீர் வற்றும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கிட் பல கார்களில் பயன்படாது, சாவி எடுத்ததும் அந்தத் துளை துண்டிக்கப்பட்டுவிடும். ஃபியூஸ் வைத்து பேட்டரிக்கே வயர் இழுக்க வேண்டும்.

இந்தச் சிக்கலின் பெரிய வடிவம் கோடம்பாக்கத்து கேரவன்கள். 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றபின் மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டிகள் அவை. அவற்றில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, உள்ளே விளக்கு, ஃபேனுக்கு வேறு பேட்டரி என்று இருக்கும். முன்னது நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தர மெல்லிய தகடுகள் கொண்டது. பின்னது நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி, மெதுவாக ஆழமாக இறங்கப் பழகியது. ஒரே சார்ஜ் கம்பியில் இரண்டையும் கட்டிவிட்டால் பலவீனமானது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். தனித்தனியாகத் துண்டித்து, தனித்தனியாக ஏற்ற வேண்டும். கூரையில் இடத்துக்கா பஞ்சம், 100 வாட் தகடே போடலாம்.

லித்தியம் பேட்டரிக்கு இதெல்லாம் பொருந்தாது. மின்சார ஸ்கூட்டரை முழு சார்ஜில் மாதக்கணக்கில் விடுவது நல்லதல்ல, பாதி அளவில் நிறுத்துவதே மேல்.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் முதலில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 12.4 இருந்தால் மாட்டி ஓட்டலாம். 12-க்குக் கீழே என்றால் பக்கத்து காரிலிருந்து ஜம்ப் கொடுத்துவிட்டு, ஓட்டினால் ஏறிவிடும் என்று விடாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்க குறைந்த ஆம்பியரில் ஏற்றி, ஒரு நாள் சும்மா விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 12.4 நிற்கவில்லை என்றால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.