மழைநாட்டுப் பியானோவும் எண்ணெய்க் குப்பியும்

வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிற இரத்தினபுரிச் சீமையிலும், அதற்கப்பால் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை இறப்பர் மலைகளிலும், துரைமார் காலத்துப் பங்களா ஒன்றில் சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோ வாசிக்க மறுத்தால், அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மூடியைச் சாத்திவிடுவது எளிது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. இந்நாட்டில் வயதைக் காட்டிலும் ஈரத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் கொள்ளவேண்டும்.

வாத்தியத்தின் சுபாவம் அப்படிப்பட்டது. 88 கட்டைகளும், ஏறக்குறைய 220 கம்பிகளும், அவையெல்லாம் சேர்ந்து இழுக்கிற சுமார் 18 தொன் பாரத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டமும் கண்ணுக்குத் தெரிகின்றன. விரலுக்கும் கம்பிக்கும் நடுவே நின்று உழைப்பவையோ மரத்தாலும் கம்பளித் துணியாலுமான ஆயிரக்கணக்கான சிற்றுறுப்புக்கள். படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில் சுத்தியல் தன் பாரத்தாலேயே கீழே விழுந்துவிடும். அப்ரைட்டிலோ அது பக்கவாட்டில் சென்று அடிப்பதால், திரும்பி வருவதற்கு ஒரு மெல்லிய விற்சுருளையும் ஒரு துணிப்பட்டியையும் நம்பியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அச்சாணிகளைச் சுற்றியுள்ள துணி ஈரத்தை உறிஞ்சிப் புடைக்க, விற்சுருளின் பலம் போதாமல் சுத்தியல் பாதி வழியில் தயங்கி நின்றுவிடுகிறது.

ஆகையால் கையை வைப்பதற்கு முன் கண்ணை வைக்கவேண்டும். மேற்பலகையைக் கழற்றிக் கட்டையை அழுத்தி விடும்போது, கட்டை மேலே வந்தும் சுத்தியல் கம்பியருகே நின்றால் பிழை அதன் அச்சாணியில். கட்டையே தாழ்ந்து கிடந்து, தூக்கினாலும் இறுகியிருந்தால், அதன் ஆணித்துளையிலோ இடுக்கில் விழுந்த நாணயத்திலோ. விரலை எடுத்தபின்னும் ஒலி நீடித்தால் கம்பியை அமர்த்தும் டாம்பர் படியவில்லை. ஆயினும் உச்சஸ்தாயியின் கடைசிக் கட்டைகளுக்கு டாம்பரே கிடையாதாதலால், அங்கே அது குற்றமன்று. ஏதேனும் கிணுகிணுத்தால் மூடிமேலுள்ள படச்சட்டத்தையும் பூச்சாடியையும் முதலில் அகற்றுக. பல கட்டைகள் ஒருங்கே மந்தமானால் ஈரத்தையும், ஒன்று மட்டும் கெட்டால் உறுப்பின் முறிவையும் சந்தேகிப்பதே முறை.

இவ்வளவையும் விட்டுவிட்டுத் தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ சொட்டுவிடும் பழக்கந்தான் எனக்குப் பெரும் அச்சத்தைத் தருகிறது. அன்றைக்குச் சுத்தியல் ஓடினாலும் ஓடும். விபரீதமே அதில்தான் இருக்கிறது. துணி எண்ணெயைக் குடித்து, தூசியைச் சேர்த்துப் பிசினாகி, அடுத்த மழையில் முன்னிலும் இறுகுகிறது. அவ்வெண்ணெய் சுருதியாணிகள் பதிந்த பலகைக்குள் இறங்கிவிட்டாலோ, வீணையின் பிருடையைப்போல உராய்வு ஒன்றாலேயே நிற்கிற அவ்வாணிகள் பிடிப்பிழந்து, எத்தனை முறை கூட்டினாலும் சுருதி தங்காது. அந்த நஷ்டத்தை ஒரு துணி மாற்றிச் சரிப்படுத்த இயலாது.

மின்சாரக் கீபோர்டு இருக்க இந்தத் தொல்லை எதற்கு என்பாரும் உளர். அவர்கள் நியாயம் அவர்களுக்கு. பியானோவை வைத்திருப்பவர்கள் அதை ஈரச்சுவரிலிருந்து நகர்த்தி, கெட்ட கட்டைகளை இடப்புறத்திலிருந்து எண்ணி இலக்கமிட்டு, மழையில் மட்டும் கெடுகிறதா வெயிலிலுமா என்று எழுதிவைப்பது நலம். வெயிலில் தானாகவே தேறிவிடும் கட்டைக்கு உறுப்பு மாற்றவேண்டும் என்று எவர் சொன்னாலும், அந்தக் குறிப்பைக் காட்டி மறுத்துவிடலாம்.