புகழ் கேட்ட வீரரும் களம் கேட்ட வீரரும்

உதைபந்தாட்ட அணிக்கு ஆள் சேர்க்குங்கால் நம் சம்பூர்ச் சிறுவரை எந்த இடத்தில் ஆட விருப்பம் என்று வினவினால், பெரும்பாலோர் முன்களத்தையே கேட்பர். கோல் போடுபவனுக்கன்றோ கைதட்டு! எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து அயலில் நிற்பவனுக்குத் தட்டிவிடுபவனை யார் நினைக்கின்றனர்? வீட்டிலே தாய்மாரும், “எத்தனை கோல் அடித்தாய், மகனே?” என்றுதான் கேட்கின்றனர்.

பெரிய கழகங்களும் இந்த மயக்கத்துக்கு விலக்கானவை அல்ல. கழகங்கள் முறை வைத்து வீரரைத் தெரிந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் ஏற்பாடு 1936 இல் அமெரிக்கக் காற்பந்தில் தொடங்கியது. (அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம்முடையதன்று.) கடைசியாய் நின்ற அணிக்கே முதல் தெரிவு. அவ்வுரிமை பெற்ற பிலடெல்பியா அணி, அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த ஜே பேர்வாங்கரைத் தெரிந்தது. அவரோ தொழில்முறை ஆட்டத்துக்கு வரவேயில்லை! பேர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

இனி, நமக்கு அண்மையிலுள்ள சென்னைக்கு வருவோம். இந்தியன் சுப்பர் லீக் கழகங்கள் 2017 ஜூலை 23 அன்று மும்பாயில் கூடி இந்திய வீரரைத் தெரிந்தெடுத்தன. அப்பருவத்தில் களத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டவர் தொகை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆகவே பதினொருவரில் அறுவர் இந்தியராதல் வேண்டும். தெரிவு பிழைத்தால் அணியின் பாதி பிழைத்தது என்க.

சென்னையின் எப்.சி. கழகம் முன்கள வீரர் ஜேஜேயையும், கோல் காப்பாளர் கரண்ஜித் சிங்கையும், இளைஞர் அனிருத் தாப்பா, ஜெரி ஆகியோரையும் முன்னரே தன்னுடன் நிறுத்திக்கொண்டது. கோல் போட ஆளுண்டு, தடுக்கவும் ஆளுண்டு. நடுவிலே, பின்களத்துக்குக் காவலாய் நின்று பந்தைப் பறிப்பவர் யார்? அந்த வெற்றிடத்துக்கு அது சேர்த்தவர்களுள் ஒருவர் வடசென்னை வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். அன்று ஜாம்ஷெட்பூர் முதலாவதாய்த் தெரிந்த பின்கள வீரர் அனஸ் எடத்தொடிக்கவின் விலை 1 கோடியே 10 இலட்சம் ரூபா. பேச்செல்லாம் அவரைப் பற்றியே. கணேஷைப் பற்றிப் பேசியவர் சிலரே.

பருவம் முடிந்தபோது சென்னை இரண்டாமிடத்தில் நின்றது. அரையிறுதியில் கோவாவுடன் இரு ஆட்டங்களிலும் சேர்த்து நான்கு கோல்கள் பெற்றது. ஜேஜே இரண்டு, தாப்பா ஒன்று, கணேஷ் ஒன்று. நான்கும் இந்தியர் போட்டவை! 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் அவ்வூர் அணியையே 3–2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினர். அதில் இரு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர் பிரேசில் நாட்டுப் பின்கள வீரர் மைல்சன் ஆல்வெஸ் என்பதையும் முன்களம் கேட்கும் நம் சிறுவர் கேட்டு வைக்கட்டும்.

ஆயினும் அத்தெரிவில் குறையே இல்லையென நாம் சொல்லோம். ஜேஜேக்கு மாற்றாக எடுக்கப்பட்ட முகமது ராபி திறமைசாலியே. ஆனால் வயது 35. அடுத்த பருவத்தில் இது வெளிப்பட்டது. முழங்கால் காயத்தால் கணேஷ் பருவம் முழுதும் ஆடவில்லை. ஜேஜேயின் கால்களிலும் கோல் வற்றியது. கிண்ணம் தூக்கிய அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசியிடம் சென்றது. வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் இரண்டு இடங்களுக்கு ஏற்ற மாற்றாள் இல்லாமை பெருங்காரணம் என்பதே நம் கருத்து.

சம்பூருக்கு இக்கணக்கு இன்னும் கடினமானது. 2006 இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களிலிருந்து 2015 முதல் படிப்படியாக மீண்ட ஊர் இது. பந்து பழகவேண்டிய வயதைக் கூடாரத்தில் கழித்த பிள்ளைகள் பலர். இருக்கிற சிலரையும் முன்களத்தில் நெருக்கி நிறுத்திவிட்டால் நடுக்களத்தை யார் காப்பது? அடுத்த தடவை அணியின் பெயர்ப்பட்டியலை எழுதும் இளைஞர்கள் வீரரின் பெயரை முதலில் எழுதாமல், பதினோரு இடங்களையும் முதலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இருவர் பெயரை நிரப்பிப் பார்க்கட்டும். எந்த வரி வெறுமையாய் நிற்கிறதோ, அந்த இடத்துக்கு ஒரு சிறுவனை இன்றே பழக்கத் தொடங்கலாம்.