சொந்தத் தொழில் தொடங்கியாச்சு... தூக்கம் போச்சா?

காட்டுப்பள்ளியில் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும். வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகள். இவற்றை நம்பி லேத் பட்டறை, வெல்டிங் ஷாப், லாரி டிரான்ஸ்போர்ட், தொழிலாளர்களுக்கு மெஸ் என்று சொந்தமாகத் தொழில் தொடங்குகிற ஆண்களும் பெண்களும் ஏராளம். 'மாசச் சம்பளம் போதும்' என்று இருந்துவிடாமல் துணிந்து இறங்கியவர்கள். பாராட்ட வேண்டியதுதான்!

ஆனால் சில மாதங்களில் இவர்களில் பலர் சிகிச்சைக்கு வந்து சொல்வது என்ன தெரியுமா?

"டாக்டர், பத்து வேலை ஒண்ணா நிக்குது. எதை முதல்ல தொடுறதுன்னே தெரியலை. எதையும் செய்யாம அப்படியே உட்கார்ந்துடறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது..."

இது சோம்பேறித்தனமோ கோழைத்தனமோ இல்லை. இதற்குப் பெயர் மலைப்பு. ஆபத்து வந்தால் சமாளிக்க அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களை உடம்பு சுரக்கிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு அது உதவும். ஆனால் லோன் தவணை, ஆர்டர், ஆள் பற்றாக்குறை என்று நாள் முழுக்கத் துரத்தினால்? தூக்கம், ஜீரணம், ரத்த அழுத்தம் எல்லாமே தடம் புரளும்.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவம் 14 வேகங்களைச் சொல்கிறது. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், கண்ணீர், கொட்டாவி போன்ற இயற்கை உந்துதல்கள் இவை. இவற்றை வலிந்து அடக்கினால் நோய் வரும் என்பது விதி.

புதிதாகத் தொழில் தொடங்கியவரின் ஒரு நாளைப் பாருங்கள். காலைப் பசியை டீயால் அடக்குகிறார். லோடு ஏறும் வரை சிறுநீரை அடக்குகிறார். கணக்குப் பார்க்கத் தூக்கத்தை அடக்குகிறார். 'முதலாளி அழலாமா?' என்று கண்ணீரையும் அடக்குகிறார்! பிறகு வாய்வு, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வாதமும் பித்தமும் கெட்டுவிட்டன என்போம் நாங்கள். அந்த உடம்போடு எடுக்கிற முடிவும் தடுமாறத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்?

* படுக்கும் முன் எல்லா வேலைகளையும் தாளில் எழுதுங்கள். நாளைக்கு நான்தான் செய்ய வேண்டியவை, பிறர் செய்யக்கூடியவை, பொறுக்கக்கூடியவை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் வரிசையில் மூன்றுக்கு மேல் வேண்டாம். மனசில் கிடந்தால் மலை. தாளில் வந்தால் வேலை.

* சாப்பாட்டு நேரத்தை ஆர்டர் மாதிரி மதியுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். இரவு இட்லி, இடியாப்பம் போல எளிதாகச் செரிப்பது நல்லது. சீரகத் தண்ணீர் குடிக்கலாம்.

* வாரம் ஒருமுறையாவது நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். அன்று பகல் தூக்கம் கூடாது. காய்ச்சல், சளி இருந்தால் எண்ணெய்க் குளியல் வேண்டாம்.

* தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம் கொடுப்பது உண்டு. ஆனால் கர்ப்பிணிகளும், தைராய்டு, சர்க்கரை, பி.பி. மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

* அகலக்கால் வைக்காதீர்கள். 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலோடு ஐஸ்கிரீம் தொழில் தொடங்கியவர் ஆர்.ஜி. சந்திரமோகன். பெரிய கம்பெனிகளோடு எல்லா இடத்திலும் மோதாமல், கல்லூரி கேன்டீன்கள், பிறகு வெளியூர்ச் சிறு நகரங்கள் என்று தனக்குக் கட்டுப்படியான இடமாகப் பார்த்துப் போனார். அதுதான் 'அருண் ஐஸ்கிரீம்' ஆக வளர்ந்தது.

* பணம் வராத கவலைதான் பலருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்தில் இதுபற்றி விசாரியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

'உனக்கு எதுக்கு இந்த வேலை?' என்று குத்திக் காட்டாதீர்கள். தினமும் பத்து நிமிடம், யோசனை சொல்லாமல் காது கொடுத்துக் கேளுங்கள். தொழில் செய்கிறவரும் கடன் விவரத்தை மனைவியிடமோ கணவரிடமோ மறைக்க வேண்டாம். மறைத்த கடன் இரண்டு மடங்கு கனக்கும்.

நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 'கேஸ்தான்' என்று கஷாயம் தேடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ, எதிலும் பிடிப்போ இல்லாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'செத்துப் போயிடலாம்' என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416-இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இன்று இரவு ஒரு தாளை எடுங்கள். எழுதிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்!