உஷார்! உங்க பையன் நல்லா ஆடுறானா?

பெங்களூரில் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம், பிரகாஷ் நகர் பக்கம் ஆண்பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது. உங்கள் பையனுக்குப் பேட் பிடிக்கவே வரவில்லை என்றால் கவலையே இல்லை, பக்கத்தைத் திருப்பிவிடலாம். பத்தாம் வகுப்பு வருவதற்குள் அவனுக்கே கிரிக்கெட் அலுத்துவிடும். அவன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான், லெதர் பால் டோர்னமென்டில் கப் வாங்கி வருகிறான், "இவன் சாதாரணப் பையன் இல்லண்ணா" என்று யாராவது உங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்றால், தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். மாட்டிக்கொள்வது திறமை இல்லாதவன் இல்லை, திறமைசாலிதான். புகழ்பவர்கள், பணம் கேட்பவர்கள், பந்தயம் கட்டுபவர்கள் எல்லோரும் அவனைத்தான் சுற்றி வளைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்பது பெரும்பாலும் அப்பா.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் ராயல்ஸ் 1.10 கோடிக்கு எடுத்தது. பையனுக்கு 13 வயது. 2025 ஏப்ரலில், 14 வயதில், 35 பந்தில் சதம் அடித்தான். மகனின் பயிற்சிக்காக அப்பா நிலத்தை விற்ற கதை எல்லாப் பேப்பரிலும் வந்தது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு எத்தனை அப்பாக்கள் மனசுக்குள் தங்கள் நிலத்தையும் மனைவி கழுத்துச் செயினையும் கணக்குப் பார்த்திருப்பார்களோ! அதே ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். விலைபோனவர்கள் 182. மீதி 1,392 பேரின் அப்பாக்கள் எதை விற்றார்கள் என்று எந்தப் பேப்பரும் எழுதவில்லை. இவர்களில் யாரும் சந்தில் ரப்பர் பந்து ஆடியவர்கள் இல்லை. பெரும்பாலோர் மாநில அணி வரை போனவர்கள், அல்லது வேறு நாட்டுக்கே ஆடியவர்கள்.

சரி, உள்ளே நுழைந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? 1985 மார்ச் 10, மெல்போர்ன். உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், எதிரே பாகிஸ்தான். ரவி சாஸ்திரிக்கு ஆடி கார் கிடைத்த ஆட்டம் என்று சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அன்றைய ஸ்கோர் கார்டில் யாரும் பேசாத ஒரு வரி உண்டு: மியான்தாத், ஸ்டம்ப்டு விஸ்வநாத், பவுல்டு சிவராமகிருஷ்ணன், 48. போட்டவர் மெட்ராஸ் பையன், வயது 19. பெயிலைத் தட்டியவர் பெங்களூர் பையன், வயது 22. (குண்டப்பா விஸ்வநாத் இல்லை, இவர் சதானந்த் விஸ்வநாத்.) தெற்கத்தி கிரிக்கெட்டின் அடுத்த பத்து வருஷம் இந்த இரண்டு பேர் கையில்தான் என்று அன்றைக்கு நம்பாதவர் யார்?

பத்து மாதம்கூட ஆகவில்லை. லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் தன் கடைசி டெஸ்டை 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடினார். அப்போது அவருக்கு 20 வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 17 வயதில் ஆன்டிகுவாவில் அறிமுகம், அடுத்த வருஷம் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். மொத்தக் கணக்கு 9 டெஸ்ட், 26 விக்கெட், அவ்வளவுதான். குடித்தார், கெட்டுப்போனார், தலைக்கனம் என்று ஊர் ஆளுக்கொன்று பேசியது. தன் நிறத்தை வைத்துக் கூட இருந்தவர்களே செய்த கேலியையும், தான் பட்ட மனச்சோர்வையும் அவர் வெளியே சொன்னது பல பத்தாண்டுகள் கழித்து. பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பெரியவர்களின் டிரெஸ்ஸிங் ரூமில் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று அவரை அனுப்பியபோது எந்தப் பெரியவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சதானந்தின் கதை இன்னும் நெஞ்சை அடைக்கும். அந்தக் கோப்பைக்கு அவர் கீப்பிங்கும் ஒரு முக்கியக் காரணம் என்று கேப்டன் கவாஸ்கரே எழுதியிருக்கிறார். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று அவர் போடும் சத்தத்தில் அணியே விழித்திருக்கும். ஆனால் புகழ் வந்த அதே காலத்தில் அடுத்தடுத்துப் பெற்றோரை இழந்தார். விரல் காயம் வேறு. டெஸ்ட் மூன்று, அதுவும் 1985-ல் இலங்கையில் ஆடியவை மட்டும். ஒருநாள் ஆட்டம் 22. பிறகு அம்பயராக வெள்ளைக் கோட்டு போட்டு, அதே மைதானங்களில் வேறு பையன்கள் ஆடுவதைப் பார்த்து நின்றார். இவர்கள் இருவரிடமும் திறமை குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

பெங்களூருக்கு இது வாடிக்கை. 1996 அக்டோபரில் ஸ்ரீநாத் காயத்தில் உட்கார, டெல்லி டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டேவிட் ஜான்சன் வந்தார். ஸ்லேட்டரை ஸ்லிப்பில் பிடிக்க வைத்த அந்தப் பந்தின் வேகத்தைப் பற்றி இந்த ஊரில் இன்றும் பேசுவார்கள். டிசம்பரில் டர்பனில் இரண்டாவது டெஸ்ட். அதோடு கதை முடிந்தது: 2 டெஸ்ட், 3 விக்கெட். 2024 ஜூனில் 52 வயதில் அவர் காலமானபோதுதான் பல பேருக்கு அந்தப் பெயரே திரும்ப ஞாபகம் வந்தது. அவர் கூட்டாளி தொட்ட கணேஷ் ஆடியதும் 4 டெஸ்ட்தான், ஆனால் கணேஷ் ரஞ்சியை விடவில்லை. முதல்தர ஆட்டங்களில் 365 விக்கெட் எடுத்து, பிறகு கோச்சும் ஆனார். தேசிய அணிக் கதவு சாத்தியபின் எங்கே நிற்பது என்று அவருக்கு ஒரு இடம் இருந்தது. உங்கள் பையனுக்கு அந்த இடம் எது? இந்தக் கேள்வியை இன்றே கேளுங்கள், பதினெட்டு வயதுக்குப் பிறகு கேட்டால் பதில் வராது.

காசு கொட்டும் இடத்தில் இது இன்னும் மோசம். அமெரிக்காவின் பேஸ்பாலைப் பாருங்கள், நமக்குப் பல வருஷம் முன்னாலேயே இந்த நோய் அவர்களுக்கு வந்துவிட்டது. 1973-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி டேவிட் கிளைட் என்ற 18 வயதுப் பந்துவீச்சாளனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பெரிய ஆட்டத்தில் இறக்கியது. அணிக்குக் கூட்டம் வரவில்லை, முதலாளிக்குப் பணமுடை. கிளைட் வந்ததும் ஸ்டேடியம் நிரம்பியது. கொஞ்சநாள் ஆடவிட்டுக் கீழ்நிலை லீக்கில் பழக அனுப்புவதாக இருந்தார்கள். கல்லாப்பெட்டி நிறைகிறதே, அனுப்புவார்களா? மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. இருபத்தாறு வயதில் ஆட்டத்தையே விட்டான்.

டொமினிகன் குடியரசில் இதற்கென்று தரகர்களே உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வளர்த்து, பதினாறில் அமெரிக்க அணியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, கிடைக்கும் பணத்தில் பங்கு எடுப்பார்கள். 2006-ல் வாஷிங்டன் அணி 14 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த 16 வயதுப் பையன், மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், சொன்ன வயதுமில்லை, சொன்ன பெயருமில்லை. நான்கு வயது மூத்தவன், வேறு பெயரில் வந்திருந்தான். நம் நாட்டிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்களை 2008-ல் ஒரு டிவி போட்டி வழியாகப் பொறுக்கி எடுத்து பிட்ஸ்பர்க் அணியில் சேர்த்தார்கள். 2014-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையோடு சினிமாவும் வந்தது. சினிமா வருவதற்கு முன்பே, 2010-ல் தினேஷை அணி அனுப்பிவிட்டது. ரிங்குவும் பெரிய லீக்கை எட்டவே இல்லை, கடைசியில் மல்யுத்த மேடைக்குப் போனார்.

2015 பிப்ரவரியில் ஐபிஎல் ஏலம் நம் பெங்களூரிலேயே நடந்தது. கே.சி.கரியப்பா, 20 வயது, ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடாத சுழற்பந்து வீச்சாளர். அடிப்படை விலை 10 லட்சம், கொல்கத்தா கொடுத்தது 2.40 கோடி. மறுநாள் டிவி முழுக்க அவர் முகம். அந்த சீசனில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதில் டிவில்லியர்ஸ் விக்கெட்டை எடுத்ததையும் சொல்லியாக வேண்டும். விலை ஏறியது அவர் கையில் இல்லை, ஆட விடாமல் உட்கார வைத்ததும் அவர் கையில் இல்லை. ஏமாற்றினான் என்ற பேச்சு மட்டும் ஆடியவன் தலையில்.

இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறேன்.

காலையில் அகாடமி, மாலையில் ரயில்வே லைன் ஓரம் டென்னிஸ் பால், ஞாயிறு லீக் மேட்ச். வேகப்பந்து போடும் பதின்மூன்று வயதுப் பையன் ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போடுகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் அந்த வயதுக்கு வகுத்த கணக்கு, ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். பதினைந்து வயதுவரை 6, 12. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளுக்கு ஓவரெல்லாம் இல்லை, ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிறார்கள். காரணம் முதுகும் தோளும் முழங்கையும். வளரும் எலும்பில் அளவுக்கு மீறி வீசினால் கீழ்முதுகில் மெல்லிய முறிவு விழும், எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் தெரியாது. பையன் "முதுகு வலிக்குதுப்பா" என்பான், நாம் தைலம் தேய்த்து மேட்சுக்கு அனுப்புவோம். கூடவே பிசியோக்கள் இருக்கும் பும்ராவுக்கே 2023-ல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. உங்கள் பையனுக்கு எந்த பிசியோ இருக்கிறார்? நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி ஓவர் கணக்கை நீங்களே எழுதுங்கள். அகாடமி, தெரு, லீக் மூன்றையும் கூட்டி எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முதுகுவலி நீடித்தால் எலும்பு டாக்டர், வேறு யாருமில்லை.

அடுத்தது அந்த போன். "அண்ணா, செலக்டர் நம்ம ஆளுதான். அண்டர்-16 லிஸ்டுல பேரு வந்துடும். ஒரு மூணு லட்சம் ரெடி பண்ணுங்க, பாதி இப்ப, பாதி லிஸ்ட் வந்தப்புறம்." கேட்ட உடனே வைத்துவிடுங்கள். 2021-ல் மாநில அணியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு இளைஞரிடம் 10 லட்சம் வாங்கிய புகாரில் குருகிராம் போலீஸ் சிலரைக் கைது செய்தது. நம் கர்நாடகத்தில் கிளப், லீக், மண்டலம் என்று படிப்படியாக ஆடிக் காட்டித்தான் மேலே போக முடியும். அணியில் இடத்துக்கு விலை சொல்கிறவன் எவனாக இருந்தாலும், கிரிக்கெட் சங்கத்தின் பெயர் போட்ட லெட்டர்பேடைக் காட்டினாலும், அவன் திருடன். 'இன்டர்நேஷனல் டூர், இந்தியா ஜெர்சி' என்று இலங்கைக்கும் நேபாளத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறவர்களிடமும் இதே ஜாக்கிரதை. நீல ஜெர்சியை எந்தத் தையல் கடையிலும் தைக்கலாம்.

பிறந்த தேதி விஷயத்தில் இன்னும் பயமாக இருக்கிறது. "ரெண்டு வருஷம் குறைச்சுப் போட்டா போதும்க்கா, எல்லாரும் பண்றாங்க" என்று அம்மாவிடம் வந்து சொல்வார்கள். எலும்பைப் படமெடுத்து வயது பார்க்கும் பரிசோதனையை இந்திய கிரிக்கெட் வாரியம் வைத்திருக்கிறது. மாட்டினால் இரண்டு வருஷத் தடை. காஷ்மீர் பந்துவீச்சாளர் ரசிக் சலாம் 2019-ல் ஐபிஎல் ஆடிய கையோடு அந்தத் தடையில்தான் வெளியே போனார். அவர் திரும்பி வந்துவிட்டார், எல்லோருக்கும் அது வாய்க்காது. தப்பு செய்வது பெரியவர்கள், தடை விழுவது பிள்ளைக்கு.

ஓரளவு பெயர் வந்து சின்ன டி20 லீக்கில் ஆட ஆரம்பித்ததும் புதுச் சிநேகிதர்கள் முளைப்பார்கள். புது ஷூ, புது போன், ஹோட்டல் சாப்பாடு. 2019-ல் கர்நாடக பிரீமியர் லீக் சூதாட்டப் புகாரில் பெங்களூர் குற்றப்பிரிவு போலீஸ் வீரர்களையே கைது செய்தது. மேட்ச் ஃபிக்சிங் மோசடிச் சட்டப் பிரிவில் வராது என்று சொல்லி 2022-ல் உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. வழக்கு போனது, கைதான நாளில் பேப்பரில் வந்த போட்டோ போகவில்லை. இன்னொன்றும் பையனுக்குச் சொல்லி வையுங்கள்: காசு வாங்காவிட்டாலும், ஆட்டத்தை விற்கச் சொல்லி ஒருவன் வந்து கேட்டதை அதிகாரிகளிடம் சொல்லாமல் விட்டாலே குற்றம். ஷாகிப் அல் ஹசன் 2019-ல் தடை வாங்கியது அதற்காகத்தான்.

எஸ்எஸ்எல்சியோடு படிப்பை நிறுத்திவிட்டு "முழு நேர கிரிக்கெட்" என்று ஒரு பேச்சு கிளம்பும் பாருங்கள், அதற்கு மட்டும் தலையாட்டவே கூடாது. பக்கத்திலேயே ரயில் ஓடுகிறது, ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒதுக்கீட்டுக்கும் சர்ட்டிபிகேட் வேண்டும். கடைநிலைக்குப் பத்தாவது, அடுத்ததற்குப் பன்னிரண்டாவது, அதற்கு மேலே டிகிரி. மாநிலத்துக்கு ஆடிய பையன் பியூசி முடிக்காததால் கீழ்ப் படியிலேயே நிற்க நேரும். கருண் நாயர் 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 303 அடித்தார், சில மாதத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டார், அடுத்த டெஸ்ட் ஆட 2025 வரை காத்திருந்தார். முச்சதம் அடித்தவருக்கே எட்டு வருஷம் என்றால், நம் பையன் காத்திருக்கும் வருஷங்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி?

கோடை லீவு கேம்ப் பேனர்கள் தொங்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். கோச் எந்த லெவல் பாஸ் செய்தவர், ஒரு வலைக்கு எத்தனை பிள்ளைகள், காயம்பட்டால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் திரும்பி நடங்கள். காசு கொடுத்தால் ரசீது வாங்குங்கள், யாருடைய சொந்த நம்பருக்கும் ஜிபே பண்ணாதீர்கள். ஏற்கெனவே செலக்ஷன் என்று ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால், மானம் போகுமே என்று வீட்டுக்குள் உட்காராதீர்கள். 1930-க்கு உடனே போன் போடுங்கள். அடுத்த கணக்குக்குப் பணம் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழியுண்டு. அந்த ஆள் அனுப்பிய மெசேஜ், ஸ்கிரீன்ஷாட், பேங்க் ரசீது எதையும் அழிக்காமல் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போங்கள்.