கல்யாணத்துக்குப் போனோம், ஊரும் பார்த்தோம்

நல்ல காரியம் ஒன்று நிச்சயமானால் நமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது. அடுத்த கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. யார் முன்னுக்கு நிற்பது, யார் பின்னுக்கு நிற்பது என்பதே அது. போரில் கணவரை இழந்த சகோதரிகளுக்கு அதன் பதில் நன்றாகவே தெரியும். பலகாரம் சுடும் இடத்தில் அவர்களது கை இருக்கும். பந்தி பரிமாறும் இடத்தில் அவர்களது குரல் கேட்கும். மணவறைக்குக் கிட்ட மட்டும் அவர்களைக் காண முடியாது.

2010 இல் அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் போரினால் கணவரை இழந்த பெண்கள் சுமார் 89,000 பேர். அவர்களில் பலரின் பிள்ளைகள் இன்று கல்யாண வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் வேறு வீடுகளுக்கும் உதவக்கூடும் என்று நினைத்தேன்.

என் அக்காவின் மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, அண்மையில் நல்லூர்ப் பக்கத்து மண்டபம் ஒன்றில் திருமணம் நடந்தது. அத்தான் 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணை வீச்சில் இறந்தார். அப்போது பெறாமகளுக்கு எட்டு வயது. அக்கா கிளிநொச்சியில் தையல் தைத்தும் கோழி வளர்த்தும் அவளைப் படிப்பித்து ஆளாக்கினார். சம்பந்தம் பேசியது, சீட்டுப் பிடித்து நகை செய்தது எல்லாம் அக்காதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் அக்கா இல்லை. "நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிட்டார். கன்னிகாதானத்தையும் நானும் இவரும் தம்பதியாக இருந்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

நாங்கள் இருப்பது வவுனியாவில். எங்களுக்கு எட்டு வயதில் ஒரு மகனும் ஐந்து வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். இருவரும் யாழ்ப்பாணத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு நான்கு நாட்கள் முன்னதாகவே போய், இரண்டு நாட்கள் ஊர் பார்ப்பது என்று தீர்மானித்தோம். அக்காவையும் விடாமல் கூட்டிச் செல்வது என்று நான் மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

ஏ-9 வீதியில் கேட்ட கேள்விகள்

ஒரு வான் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, கிளிநொச்சியில் அக்காவையும் பெறாமகளையும் ஏற்றினோம்.

ஆனையிறவு தாண்டும்போது மகனின் கேள்விகள் தொடங்கின. இருபுறமும் உப்புத் தரவை. வீதியோரம் நினைவுச் சின்னங்கள். "இது என்ன இடம்?" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று உடனே வரவில்லை. 2000 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் கைமாறிய இடம் அது. அக்காதான் பதில் சொன்னார். "சண்டை நடந்த இடம் அப்பு. ரண்டு பக்கமும் கனக்கத் தாய்மாற்ற பிள்ளையள் செத்துப்போச்சினம்." அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கச்சான் உடைக்கத் தொடங்கினான்.

பளை கழிந்து முகமாலை வந்தது. போர் முடிந்து பல ஆண்டுகளாக அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிய அந்தப் பணியாளர்களில் பெண்கள் பலர். கணவரை இழந்து, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்களும் அவர்களில் உண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கூடவே, பற்றைக்குள் தெரியாத பொருள் எது கிடந்தாலும் தொடக்கூடாது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் போனோம். வெள்ளைக் கட்டடமும் வாசலில் சரஸ்வதி சிலையும் மகளுக்குப் பிடித்துக்கொண்டன. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் இந்த நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏடுகளும் போயின. மகனுக்கு, "முந்தி ஒருக்கா எரிச்சவை, பிறகு திரும்பக் கட்டினது" என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கி வைக்கவும் தேவையில்லை. அவன் கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும். மிச்சத்தை வளர்ந்து கேட்பான்.

நயினாதீவு

மறுநாள் காலை பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். பொன்னுருக்கு முடிந்த பிள்ளை வெளியில் திரியக்கூடாது என்று நாங்கள் தங்கியிருந்த வீட்டு மாமி பெறாமகளை மறித்துவிட்டார். அக்காவும் அதைச் சாட்டி நிற்கப் பார்த்தார். "பெரியம்மா வராட்டி நானும் போகேல்லை" என்று மகள் வாசலில் குந்திவிட்டாள். அக்காவுக்கு வேறு வழியில்லை.

புங்குடுதீவில் கூரை விழுந்த பெரிய கல்வீடுகளைக் கண்டு மகன் வியந்தான். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்டான். கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள் என்றோம்.

படகில் இருபது நிமிடமளவில் நயினாதீவு. நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டோம். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று கருதுவோர் உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்று, பசித்தவர்க்குச் சோறிட்ட மணிமேகலையின் கதையை அக்கா பிள்ளைகளுக்குச் சொன்னார். மணமாகாத, துறவு பூண்ட ஒரு பெண்ணின் கையிலிருந்த பாத்திரம் அது. அவள் இட்ட சோற்றை எவரும் கூடாத சோறு என்று சொன்னதாகக் கதையில் இல்லை. இதை நான் அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

கீரிமலைக் கேணியில்

மூன்றாம் நாள் கீரிமலைக்குப் போனோம். மாவிட்டபுரம், கீரிமலைப் பக்கந்தான் எங்கள் பிறந்த ஊர். 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. பிறகு 1995 ஒக்டோபர் 30 இல் தென்மராட்சிக்கு, அதற்கடுத்த ஆண்டு வன்னிக்கு என்று ஓடினோம். எனக்கு ஊர் நினைவில் இல்லை. அக்காவுக்கு ஒவ்வொரு ஒழுங்கையும் நினைவில் இருந்தது.

போகும் வழியில் எங்கள் வளவைப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். கிணறு அப்படியே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். அந்த நீர் கடற்கரையில் ஊற்றாக வெளிவரும் இடமே கீரிமலை. ஒரு பக்கம் உப்புக் கடல், மதிலுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர்க் கேணி. குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி முகம் மாறினாள், மாவிட்டபுரம் கோயிலைக் கட்டுவித்தாள் என்பது ஐதீகம். பிள்ளைகள் அக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

பெண்களுக்கென்று மறைவாகத் தனிக் கேணி உண்டு. சின்ன வயதில் அக்கா நீந்தப் பழகியது அதில்தான். முதலில் படியில் இருந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். சேலையோடு இறங்கினார். பிறகு பார்த்தால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுக் கேணியில் நின்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனையோ வருடம்.

தலை துவட்டும்போதுதான் நான் கேட்டேன், "அக்கா, நீ மணவறைக்குக் கிட்ட வரத்தானே வேணும்?" என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஊர் என்ன சொல்லும் எண்டு எனக்குக் கவலை இல்லை. என்ர ராசி பிள்ளைக்குப் பட்டிடுமோ எண்டுதான் பயம். நான் ஒரு பக்கமா நிண்டு பாக்கிறன்" என்றார்.

மற்றவர்கள் விலக்குவதை எதிர்த்துப் பேசலாம். ஒரு தாய் தன்னையே அபசகுனம் என்று நம்பத் தொடங்கினால் என்ன செய்வது? அன்றிரவு இதைப் பெறாமகளிடம் சொன்னேன். அவள் எழுந்து தாயிடம் போனாள். "எட்டு வயசில ஷெல்லுக்குள்ளால என்னைத் தூக்கிக்கொண்டு வெளியில வந்தது உங்கட கையம்மா. அந்தக் கையால அறுகரிசி போட்டால் எனக்கு என்ன வரும்?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. மாமி மட்டும், "நாலு பேர் கதைப்பினம்" என்றார்.

மணவறையில்

அடுத்த நாள் முழுவதும் பலகாரச் சூடும் பந்தல் வேலையுமாய்ப் போனது. அதற்கிடையில் இவர் ஐயரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஐயர் வயதானவர். "கன்னிகாதானம் தம்பதியாச் செய்யிறது வழமை. அதை நீங்கள் செய்யுங்கோ. பக்கத்தில நிக்கவும் ஆசீர்வதிக்கவும் தாய்க்குத் தடை சொல்ல நான் ஆர்?" என்றாராம்.

கல்யாணத்தன்று தாரை வார்க்க நானும் இவரும் இருந்தோம். அக்கா பெறாமகளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். இரு வீட்டாரின் மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஐயர் சொல்லி வந்தபோது அத்தானின் பெயர் மண்டபத்தில் கேட்டது. அக்கா மகளின் தோளைத் தொட்டுக்கொண்டார்.

கூறை மாற்றி, தாலி கட்டி, அறுகரிசி போடும் நேரம் வந்தது. முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டோம். கை நடுங்கியது. போட்டார். பின் வரிசையில் இரண்டு மூன்று பேர் குசுகுசுத்தது உண்மை. மாப்பிள்ளையின் தாயார் அதைக் கவனித்தார் போலும், தானே வந்து அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். சற்று நேரத்தில் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருந்த எங்கள் தூரத்து உறவு ஆச்சி ஒருவர் எழுந்து வந்தார். அவரும் கணவரை இழந்தவர். "நானும் போடட்டே பிள்ளை?" என்று கேட்டார். மணமக்கள் இருவரும் தலை குனிந்தார்கள்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

• ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். இரண்டு மூன்றை அடுக்கினால் பிள்ளைகளும் களைப்பார்கள், நமக்கும் கோபம் வரும்.

• தீவுக்குப் போவதானால் காலைப் படகில் போங்கள். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். காற்றுக் கடுமையான நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

• கொதித்தாறிய நீர், தொப்பி, மாற்றுடுப்பு, இரண்டு பைக்கற் ஜீவனி கையில் இருக்கட்டும்.

• கேணியில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்புக் கொடுங்கள். பாசிப் படிகளில் வழுக்கும்.

• நேரம் இருந்தால் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றையும் காட்டுங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

• கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கும் போகாதீர்கள். பிள்ளைகள் நித்திரை கொண்டால்தான் மண்டபத்தில் அழாமல் இருப்பார்கள்.

இவற்றோடு ஒன்று. வானில் ஓர் இடம் இருந்தால், கணவரை இழந்த அக்காவோ தங்கையோ மச்சாளோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த இடத்தை அவருக்குக் கொடுங்கள். வீட்டுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கல்யாண வீட்டில் யார் எங்கே நிற்பது என்பதை, கடைசி நேரத்தில் மண்டபத்தில் வைத்துப் பேசாமல், ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் இருந்து பேசுங்கள். ஐயரிடம் கேளுங்கள், சம்பந்தி வீட்டாரிடம் சொல்லுங்கள், பிள்ளையை வாய் திறக்கச் சொல்லுங்கள். பயந்த அளவுக்கு எதிர்ப்பு இருக்காது. இருந்தாலும், பெற்று வளர்த்த தாய் நிற்க வேண்டிய இடம் அவருக்கே உரியது.