ஓட்டு கார்டு இருந்தா பூட்டான்!

பாஸ்... ஃபைனல் இயர் டூர்னா கொடைக்கானல், மூணாறு, கோவா. இதைத் தாண்டி நம்ம மூளை போகவே போகாதா? கேங்ல எவனாவது ‘ஃபாரின்’னு வாயைத் திறந்தா போதும்... ‘பாஸ்போர்ட் இருக்கா? விசா யாரு தருவா? பேங்க் பேலன்ஸ் காட்டச் சொன்னா எதைக் காட்டுவே?’ன்னு மூணே கேள்வியில அவனை உட்கார வெச்சிடுவோம். இந்த மூணையும் கேட்காத ஒரு நாடு வட கிழக்கே, நம்ம பார்டரை ஒட்டியே இருக்கு. பூட்டான்!

இந்தியர்களுக்கு அங்கே விசா கிடையாது. ‘என்ட்ரி பெர்மிட்’ மட்டும் வாங்கணும். அதுக்கு ஆறு மாசமாவது உயிரோட இருக்கிற பாஸ்போர்ட் வேணும். இல்லைன்னா வாக்காளர் அடையாள அட்டை. ஆமா, எலெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் அம்மா பீரோவுல இருந்து எடுத்துக் கொடுப்பாங்களே, அதே கார்டுதான்!

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். சிம் கார்டுல ஆரம்பிச்சு செமஸ்டர் ஸ்காலர்ஷிப் வரைக்கும் நம்மளைக் காப்பாத்துற ஆதார், பூட்டான் கேட்ல செல்லாது. பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், காலேஜ் ஐடி... எதுவும் வேலைக்கு ஆகாது. ‘என்னய்யா அநியாயம்’னு குதிக்காதீங்க. ஆதார்ங்கறது இந்தியாவுல குடியிருக்கறதுக்கான அடையாளம்தான். இங்கே 182 நாள் தங்கின வெளிநாட்டுக்காரர்கூட அதை வாங்க முடியும். ஆனா, வாக்காளர் பட்டியல்ல குடிமக்கள் பெயர் மட்டும்தான் ஏறணும். வர்றவர் இந்தியக் குடிமகனாங்கறதுதான் எல்லையில கேள்வி. அதுக்கு ஆதார் பதில் சொல்லாது. ஆறு பேர் கேங்ல ஒருத்தர் ஆதாரை மட்டும் நம்பி வந்தா, மீதி அஞ்சு பேரும் அவரை கேட்டுக்கு இந்தப் பக்கம் விட்டுட்டுப் போகணும், இல்லைன்னா மொத்தமா ரிட்டர்ன் ட்ரெயின் ஏறணும். நட்புக்கு இதைவிடப் பெரிய வைவா கிடையாது!

அதனால டூர் பிளானோட முதல் வேலை ஹோட்டல் தேடறது இல்லை, கார்டு இல்லாத ஆளைத் தேடறது. 18 தாண்டியும் பெயர் சேர்க்காதவங்க ஆன்லைன்லயே படிவம் 6 நிரப்பலாம். முன்னாடி ஜனவரி 1 மட்டும்தான் வயசைக் கணக்கு பண்ற தேதி. 2022-ல இருந்து வருஷத்துக்கு நாலு தேதி. 17 முடிஞ்சவங்க முன்கூட்டியே அப்ளை பண்ணிடலாம். ஆனா சரிபார்த்து, கார்டு அடிச்சு, தபால்ல வர நாளாகும். அதுவும் வீட்டு அட்ரஸுக்குத்தான் வரும். ஹாஸ்டல்வாசிகளே, ஊருக்குப் போகும்போது மறக்காம ஒரிஜினலைத் தூக்கிட்டு வந்துடுங்க. 18 ஆகாத ஃபர்ஸ்ட் இயர் தம்பி, தங்கைகள் பாஸ்போர்ட்டோ ஆங்கிலத்துல இருக்கிற பிறப்புச் சான்றிதழோ வெச்சிருக்கணும். கூடவே அப்பா, அம்மா அல்லது கார்டியனும் வரணும். அந்த டூர் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க!

சரி, கார்டு ரெடி. அடுத்தது துட்டு. பூட்டான்ல தங்கற ஒவ்வொரு ராத்திரிக்கும், தலைக்கு 1,200 ரூபாய் அரசாங்கத்துக்குக் கட்டணும். ரூம், சாப்பாடு எல்லாம் தனி. ஆறு பேர், அஞ்சு ராத்திரின்னா 36,000 ரூபாய் இதுக்கு மட்டுமே காலி. ‘வளங்குன்றா வளர்ச்சிக் கட்டணம்’னு இதுக்குப் பேர். முன்னாடி நமக்கு இது கிடையாது. 2020-ல சட்டம் போட்டாங்க. அதுக்குள்ள கொரோனா வந்து எல்லையே மூடிடுச்சு. 2022 செப்டம்பர் 23-ல திறந்தப்போ கட்டணத்தோடதான் திறந்தாங்க. மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்போ ராத்திரிக்கு 200 டாலர். 2023 செப்டம்பர்ல அதை 100 டாலராக் குறைச்சாங்க. அவங்களோட ஒப்பிட்டா நாம கொடுத்து வெச்சவங்க.

பாக்கெட் மணியில டூர் போறவனுக்கு 1,200 பெரிய காசுதான், மறுக்கலை. ஆனா அவங்க பக்கமும் கொஞ்சம் யோசிங்க. மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சத்தைத் தொடாத நாடு. நாட்டுல 60 சதவிகிதம் காடா இருந்தே ஆகணும்னு அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. பக்கத்துல 140 கோடி பேர் இருக்கோம். நம்மள்ல கொஞ்சம் பேர் ஒரே லீவுல கிளம்பினாலே அந்த ஊர் தாங்காது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் இ-பாஸ் கொண்டு வந்ததும் இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தானே? அந்தக் காசு இலவசப் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் காட்டுக்கும் போகுதுன்னு பூட்டான் அரசு சொல்லுது. அப்படியும் மனசு ஆறலைன்னா நேபாளம் போங்க. அதே ஓட்டு கார்டு போதும், விசா கிடையாது, ராத்திரிக்கு இவ்வளவுன்னு கட்டணமும் கிடையாது.

என்னைக் கேட்டா, ஒரு வாரம் இழுக்காம மூணு ராத்திரி பிளான்தான் பெஸ்ட். திம்பு, பாரோ. பாரோவுல மலைப் பாறையில தொங்கற ‘புலிக்கூடு’ மடத்துக்கு ஏறிப் பார்க்கலாம். 3,000 மீட்டருக்கு மேல இருக்கு, ஜிம் பார்ட்டிகளே மூச்சு வாங்கும்! இந்த ரெண்டு ஊரைத் தாண்டிப் போகணும்னா கைடு வேணும், செலவு எகிறும்.

ரூட் சிம்பிள். சென்னையில இருந்து நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து ஹாசிமாரா, பிறகு ரோட்டுல ஜெய்காவ். இது நம்ம மேற்கு வங்காளத்தோட கடைசி ஊர். கேட்டைத் தாண்டினா ஃபுன்ட்ஷோலிங், அது பூட்டான். பெர்மிட்டை முன்னாடியே ஆன்லைன்ல வாங்கிட்டா நிம்மதி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஹோட்டல் புக்கிங், எந்த நாள் எந்த ஊர்ங்கற விவரம் எல்லாம் கையில இருக்கட்டும். சாயங்காலம் லேட்டா போய்ச் சேர்ந்தா ஜெய்காவ்லயே ரூம் போட்டுடுங்க. காலையில கேட்டைத் தாண்டிக்கலாம்!

பணம் மாத்தற டென்ஷன் கிடையாது. அவங்க நுல்ட்ரமும் நம்ம ரூபாயும் ஒண்ணுக்கு ஒண்ணு. கடைகள்ல நம்ம நோட்டையே வாங்கிப்பாங்க. ஆனா வாட்ச்சை மட்டும் மாத்துங்க. அவங்க நேரம் நமக்கு அரை மணி முன்னாடி ஓடுது. நம்ம கணக்குல நாலரைன்னு ஹாயா நடந்து போனா, அங்கே ஆபீஸ் கடிகாரம் அஞ்சு காட்டிட்டு இருக்கும்!